நான்கு மொழியில் பேயோட்டி

அத்தியாயம் 5

"பேயை ஓட்டறதுக்கு நாலு நாட்டுல டெண்டர் விட்டிருக்கார் பாஸ்" என்றேன்.

நீவெஸ் சிரிக்கவில்லை. சிரிக்க மாட்டார் என்று தெரிந்தும் ஒன்பது வருடமாக விடாமல் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். சமையலறை மேஜைமேல் கிடந்த நீளக் காகிதத்தை மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போரா என்ற குளிர்காலப் பேய்க்காற்று, இத்தாலியின் கிழக்கு எல்லையில் இருக்கிற எங்கள் ஊரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. யார் வீட்டுப் பூந்தொட்டியோ தெருவில் உருண்டு போகிற சத்தம் கேட்டது.

காகிதத்தில் நாலே நாலு வரி. கோடு போட்டு, கட்டம் கட்டி, அழகான கையெழுத்து.

எசோர்சீஸ்தா, பிப்ரவரி 2, டாக்டர் சீட்டு கேட்டார்.

இஸ்கன்யாலெட்ஸ், பிப்ரவரி 8, சூப் கொடுத்தார்.

எக்ஸோர்ட்ஸிஸ்ட், பிப்ரவரி 13, எல்டாவுக்காக ஜெபித்தார்.

எர்தெக்யூஸே.

முதல் மூன்று வரிகளும் சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. நாலாவது சொல்லுக்கு எதிரே தேதியும் இல்லை, குறிப்பும் இல்லை.

"எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்தான்" என்றாள் ஃபுல்வியா. "இத்தாலியன்ல, ஸ்லோவீன்ல, குரோஷியன்ல, ஹங்கேரியன்ல. நாலுமே பேயோட்டிதான். எங்க மாமாவுக்கு ஏழு பாஷை தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோஜனம், இப்படித்தான் ஆகியிருக்கு."

ஃபுல்வியாதான் எங்களைக் கூப்பிட்டவள். பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள், கண் வீங்கியிருந்தது. காணாமல் போனவர் அவளுடைய தாய்மாமன் எர்மான்னோ சான்சின், வயது எழுபத்து நாலு. மனைவி எல்டா போய் இரண்டேகால் வருடம். நாலாவது மாடியில் தனிக்கட்டை.

"இப்படிக் கிளம்பிப் போறது இது நாலாவது தடவை சிஞோரா. முதல் தடவை நம்ம ஊர் ஆயர் நியமிச்ச பேயோட்டிகிட்ட. அப்புறம் எல்லை தாண்டி லுப்லியானா. அதுக்கப்புறம் ஸாக்ரெப். போன தடவை எல்லைப் போலீஸ் எனக்குப் போன் பண்ணிச்சு. இன்னிக்குக் காலைல வந்து பார்க்கறேன், ஆள் இல்ல. இதய மாத்திரையை வெச்சுட்டுப் போயிட்டார்." மாத்திரை டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். "முதியோர் இல்லத்துல ஒரு இடம் காலி இருக்கு. நாளைக்குக் காலை வரைக்கும்தான் வெச்சிருப்பாங்க. இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள ஆள் வீடு வந்து சேரலைன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன். எனக்கு வேற வழி தெரியலை."

"போலீஸுக்குச் சொன்னீங்களா?" நீவெஸ் கேட்டார்.

"இல்ல."

"நல்லது. போலீஸ் ஜீப்புல வந்து இறங்கினார்னா அந்தப் பேப்பர் தானா கையெழுத்தாயிடும்."

மணி ஒன்று பத்து. நீவெஸ் தன் பையிலிருந்து எலுமிச்சை மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் மிட்டாய் போட்டால் யோசிக்கிறார் என்று அர்த்தம். துப்பறிய வருவதற்கு முன் முப்பது வருடம் பஸ் கம்பெனியில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருந்த பெண்மணி. குடை, பல்செட், ஒருமுறை ஒரு செல்லோ வாத்தியம். எது யாருடையது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாராம். தொலைந்த மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கிறார்.

"ஊகோ, இந்தப் பட்டியல்ல என்ன இல்ல?"

"புத்தி" என்றேன்.

"ஜெர்மன் இல்ல. ஏழு பாஷை தெரிஞ்சவர், இந்த ஊர்க்காரர், ஜெர்மனை விட்டுட்டு ஹங்கேரியனுக்கு ஏன் போகணும்? ஆஸ்திரியா இங்கேயிருந்து ரெண்டு மணி நேரம். அங்கே பேயோட்டிக்கா பஞ்சம்?"

"ஆஸ்திரியாக்காரன் சூப் கொடுக்க மாட்டான் பாஸ்."

நீவெஸ் சுவரைக் காட்டினார். தொப்பி போட்ட மனிதர் ஒருவர் ரயில் படிக்கட்டில் நிற்கிற புகைப்படம். பித்தளைப் பட்டன், வெள்ளைக் கையுறை. பெட்டியின் பக்கவாட்டில் பலகை தொங்கியது: வெனிஸ், லுப்லியானா, ஸாக்ரெப், புடாபெஸ்ட்.

"மாமா தூங்கும் பெட்டி அட்டெண்டர்" என்றாள் ஃபுல்வியா. "முப்பத்தோரு வருஷம் அதே வண்டி."

"இது ரயில் அட்டவணை" என்றார் நீவெஸ், காகிதத்தை மடித்தபடி. "முதல்ல இத்தாலி, அப்புறம் ஸ்லோவேனியா, குரோஷியா, கடைசியா ஹங்கேரி. அவருக்குத் தெரிஞ்ச உலகம் அந்த வரிசையிலதான் வருது. ஓய்வு பெற்ற ரயில்காரர், டிக்கெட் இலவசம். புடாபெஸ்ட் வண்டி எத்தனை மணிக்கு?"

"மூணு நாப்பத்திரண்டு. மேலே ஓபிச்சினா ஸ்டேஷன்ல நிக்கும்" என்றேன். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். மனைவி விட்டுப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் அட்டவணை படிக்கிற ஆள் நான். சிரிக்க வேண்டாம், நேரம் போக வேண்டுமே.

ஃபுல்வியா கைப்பையைத் தூக்கினாள். "அப்போ வாங்க, போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."

"கூட்டிட்டு வர்றது பெரிசில்ல" என்றார் நீவெஸ். "அடுத்த வாரம் மறுபடி கிளம்புவார். ஏன் போறார்னு தெரியாம அவர்கிட்ட என்ன பேசறது? உக்காருங்க. பேய்க் கதையைச் சொல்லுங்க."

ஃபுல்வியா உட்கார்ந்தாள். எல்டா இறந்து மூன்று மாதம் கழித்து ஆரம்பித்ததாம். படுக்கையறைச் சுவரில் தினமும் விடியற்காலை ஐந்து ஐம்பதுக்கு இரண்டு தட்டு. மாமா பதிலுக்கு மூன்று தட்டுவார். பிறகு எழுந்து முகம் கழுவி, காப்பி போட்டு, ஷேவ் செய்துகொண்டு, ஒரு மனிதராக வெளியே போவார். தட்டுவது எல்டாதான் என்று கடைக்காரர்களிடம் எல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ஊரே சிரிச்சது சிஞோரா. நான்தான் ஜனவரி இருபத்தேழாம் தேதி ஒரு சாமியாரைக் கூட்டிட்டு வந்தேன். மாமாவும் நானும் வாசல்ல நின்னோம். அவர் உள்ளே போய் தண்ணி தெளிச்சு, சுவரைப் பார்த்து உரக்கக் கட்டளை போட்டார். மறுநாள்லேருந்து தட்டுச் சத்தம் இல்ல."

"பேய் ஓடிடுச்சு."

"ஓடிடுச்சு. அன்னிலேருந்து மாமா சரியா சாப்பிடறதில்ல. ஷேவ் பண்றதில்ல. இருபத்து மூணு நாளாச்சு. பேய் போனதும் எதுக்குப் பேயோட்டியைத் தேடி ஓடறார்னுதான் எனக்குப் புரியலை."

"கட்டளை போட்ட மறுநாளே காலி பண்ணிடுச்சா" என்றேன். "எங்க வீட்டுக் கீழ் போர்ஷன்ல குடியிருக்கிறவனுக்கு அந்தப் பேய்கிட்ட டியூஷன் வைக்கணும்."

நீவெஸ் மிட்டாயைக் கடித்து நொறுக்கினார். அவர் கடித்தால் விஷயம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

"நீ உளறினாலும் சில நேரம் உருப்படியா உளறறே ஊகோ. பேய் சொன்ன பேச்சைக் கேட்டு நான் பார்த்ததில்ல. சொன்ன பேச்சைக் கேக்கறது மனுஷங்க மட்டும்தான்."

படுக்கையறைக்குப் போனோம். ஒற்றைக் கட்டில், தலைமாட்டில் வெறும் சுவர். நீவெஸ் விரலால் தட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் யார் வீடு?"

"யாரும் இல்ல. இந்த மாடியில இதுதான் கடைசி வீடு. பில்டிங்ல எல்லாரையும் கேட்டாச்சு சிஞோரா, மேலே, கீழே, எதிர்ல. யாரும் தட்டலை."

"உங்க வாசல்ல இதுதான் கடைசி வீடு" என்றார் நீவெஸ். பிறகு என்னைப் பார்த்தார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரே தெருவாசல், ஒரே காலிங்பெல் பலகை, அதில் பெயர் இருந்தால்தான் அண்டை வீட்டார். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாலும், வாசல் வேறு தெருவில் இருந்தால் அவர் வேறு தேசம். ஃபுல்வியாவோ சாமியாரோ, சுவருக்குப் பின்னால் இன்னொரு வீடு இருக்கும் என்று ஏன் நினைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இங்கே யாருமே நினைத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு மட்டும் தோன்றும். நீவெஸிடம் வருவதற்கு முன் பதினோரு வருடம் இந்த மேட்டுத் தெருக்களில் தண்ணீர் மீட்டர் பார்த்தவன்.

"பின்னாடி மேல் தெரு பாஸ். மலைச்சரிவுல முதுகோட முதுகு ஒட்டிக் கட்டியிருக்கு. இங்கே நாலாவது மாடின்னா அங்கே ரெண்டாவது."

"அங்கே யாரு?"

"பேரு ஞாபகம் இல்ல. மீட்டர் ஞாபகம் இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போவேன், முள்ளு நகர்ந்திருக்கவே நகர்ந்திருக்காது. ஒத்தை ஆளு."

ஒற்றை ஆள் இருக்கிற வீட்டு மீட்டர் எப்படி ஓடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது என் வீட்டு மீட்டரும் அப்படித்தான் ஓடுகிறது.

ஃபுல்வியாவைப் போன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஒரே சுவரின் அந்தப் பக்கம் போக, நாலு மாடி இறங்கி, தெருமுனை திரும்பி, காற்றுக்கென்றே தெருவில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்பது படிக்கட்டு ஏறி, மறுபடி இரண்டு மாடி ஏற வேண்டியிருந்தது. நீவெஸ் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் மூன்று இடத்தில்.

கதவில் வீதுலிச் என்று பெயர். பெல்லை அழுத்தினேன்.

"யாரு?" பெண்குரல்.

"தண்ணி மீட்டர் சிஞோரா." பழைய வித்தை, இன்னும் வேலை செய்கிறது.

கதவு சங்கிலியோடு நாலு விரல் திறந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. மத்தியானம் இரண்டு மணிக்கு இரவு உடை, அதன்மேல் கம்பளிச் சட்டை. தலை வாரவில்லை.

"மீட்டர்காரர் போன மாசம்தானே வந்தார்?"

"அவன் பொய் சொன்னான்" என்றார் நீவெஸ். "என் பேர் நீவெஸ். உங்க சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருத்தரைத் தேடிக்கிட்டிருக்கேன்."

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. "நான் யாரையும் தொந்தரவு பண்றதில்ல. இப்போ ஒண்ணும் பண்றதில்ல. நிறுத்திட்டேன்னு சொல்லிடுங்க."

நீவெஸ் எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றார். சில நேரம் அதுதான் அவருடைய முழுத் திறமையும். கொஞ்ச நேரத்தில் சங்கிலி கழன்றது.

ஒரே அறை. கட்டில் சமையல் மேடைப் பக்கமாக, வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. எதிர்ச் சுவரோரம் மரத்தரையில் கட்டில் கால் பதிந்த நாலு வட்டத் தடங்கள், இன்னும் பளிச்சென்று. அதற்கு மேலே, படுத்தபடி கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு நாணய அகலப் பள்ளம். நீவெஸ் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எதால தட்டுவீங்க?"

யோலாண்டா வீதுலிச் மேடையிலிருந்து ஒரு மரக்கரண்டியை எடுத்துக் காட்டினார். பிடி முனை தேய்ந்து மொட்டையாகியிருந்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடி, பனிக்காலம்" என்றார். "விடியக்காலைல அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை அழற சத்தம். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதே இல்ல. என்ன பண்றதுன்னு தெரியலை. ரெண்டு தடவை தட்டினேன். அழுகை நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மூணு தட்டு பதில் வந்துச்சு. மறுநாளும் தட்டினேன். அவ்வளவுதான். பேரு தெரியாது, முகம் தெரியாது. ஆனா அந்த மூணு தட்டு வந்தப்புறம்தான் நான் எந்திரிச்சு அடுப்பு பத்த வைப்பேன்."

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒரு நாள் மத்தியானம், அந்தப் பக்கமிருந்து வேற ஒரு குரல். அதிகாரமான குரல். 'இந்த வீட்டை விட்டு வெளியே போ. திரும்பி வராதே'ன்னு. மூணு தடவை சொன்னாங்க. எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்போது, போர் முடிஞ்சு எங்க தீவுல ஆட்சி மாறினப்போ, எங்க வீட்டு வாசல்ல நின்னு இதையேதான் சொன்னாங்க. அம்மா மெத்தையைச் சுருட்டினாங்க, நான் கோழியைத் தூக்கிக்கிட்டேன், கப்பல் ஏறிட்டோம். இதெல்லாம் எனக்கு ரெண்டு தடவை சொல்ல வேண்டியதில்லைங்க. அன்னிக்கே கட்டிலை இழுத்து இந்தப் பக்கம் போட்டுட்டேன்."

எனக்கு ஏதாவது ஜோக் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒன்றும் வரவில்லை. ஒருத்தி பேயைத் துரத்தச் சாமியாரைக் கூட்டி வந்தாள், துரத்தப்பட்டது இந்த அம்மா. தனியாக இருப்பவர்களுக்குத்தான் எல்லாச் சொல்லும் தன்னை நோக்கிச் சொன்ன மாதிரியே கேட்கும், எனக்குத் தெரியும்.

"உங்களைச் சொல்லலைம்மா" என்றேன். "ஒரு பேயைச் சொன்னாங்க."

"பேயா? அங்கே பேய் இருக்கா?"

"இல்ல. நீங்கதான் இருந்தீங்க."

நீவெஸ் மணியைப் பார்த்தார். இரண்டு ஐம்பது. "நாளைக்குக் காலைல மறுபடி தட்டுவீங்களா சிஞோரா?"

"மாட்டேன்" என்றார் யோலாண்டா, கோபமில்லாமல். "அவங்க வீடு, அவங்க வேண்டாம்னுட்டாங்க. கூப்பிடாத இடத்துக்கு நான் போறதில்ல." கதவு வரை வந்தவர், சாத்துவதற்கு முன் கேட்டார்: "அந்த ஆளு எழுந்திருக்கிறாரா? நேரத்துக்கு?"

"இனிமேதான் பார்க்கணும்" என்றார் நீவெஸ்.

*

காற்றுக்குப் பயந்து ட்ராமை நிறுத்திவிட்டார்கள். என் பழைய ஃபியட் மேட்டில் ஏறும்போது காற்று அதை ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் தள்ளியது. நீவெஸ் இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பாஸ், ஒண்ணு கேக்கட்டுமா? அவர்கிட்ட உண்மையைச் சொல்லப் போறீங்களா?"

"ஆமா."

"ரெண்டு வருஷமா செத்துப்போன பொண்டாட்டி தட்டறான்னு நம்பிக்கிட்டிருக்கார். அது பக்கத்து வீட்டு மரக்கரண்டின்னு சொல்லப் போறீங்க. இதுக்கு முதியோர் இல்லமே தேவலை."

"தெரியும்" என்றார்.

ஓபிச்சினா பிளாட்பாரத்தில் ஆளே இல்லை, அவர் ஒருவரைத் தவிர. கடைசி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில், சின்னப் பெட்டி காலடியில். இருபத்து மூன்று நாள் தாடி. ஆனால் காலணி பளபளத்தது. மணி மூன்று இருபத்தெட்டு.

நீவெஸ் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை டப்பாவை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார், ஆச்சரியப்படவில்லை.

"ஃபுல்வியா அனுப்பினாளா?"

"ஆமா."

"பைத்தியம்னு சொன்னாளா?"

"அழுதா" என்றார் நீவெஸ். "சிஞோர் சான்சின், பேய் போயாச்சே. ஓட்டினவங்களை இன்னும் எதுக்குத் தேடறீங்க?"

எர்மான்னோ பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலம் எடுத்தார். வேகவைத்த ஹாம், துருவிய காட்டுமுள்ளங்கி, ரொட்டி. பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். பழைய வேலைப் பழக்கம் போல, யார் சாப்பிடவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாங்கிக் கடித்தேன், மூக்கில் சுர்ரென்று ஏறியது.

"எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கறாங்க" என்றார். "ஓட்டறதுக்கு இல்ல. திரும்பக் கூப்பிடறதுக்கு. ஓட்டினவனுக்குத்தானே தெரியும் எங்கே ஓட்டினோம்னு? வீட்டுக்கு வந்த சாமியாரைக் கேட்டேன், சும்மா ஜெபம்தான் பண்ணேன், எனக்குத் தெரியாதுங்கறார். சரி, அதிகாரபூர்வமான ஆளுங்களைக் கேக்கலாம்னு கிளம்பினேன். நம்ம ஊர்க்காரர் டாக்டர் சீட்டு கேட்டார். லுப்லியானாக்காரர் நல்ல மனுஷன், சூப் கொடுத்து ரெண்டு மணி நேரம் நான் பேசறதைக் கேட்டார். ஸாக்ரெப்காரர் எல்டா பேரைக் கேட்டு ஜெபம் பண்ணார். ஆனா திரும்பக் கூப்பிடற மந்திரம் யார்கிட்டயும் இல்ல. இன்னும் ஒரு நாடு பாக்கி."

"அவரும் இல்லைன்னுட்டா?"

"வண்டி புடாபெஸ்ட்டோட முடிஞ்சுது" என்றார். "அதுக்கு மேலே எனக்கு வழி தெரியாது."

நீவெஸ் சொன்னார். சுற்றி வளைக்காமல், குரலை உயர்த்தாமல், எல்லாவற்றையும். மேல் தெரு, இரண்டாவது மாடி, மரக்கரண்டி, கட்டில் தடம், அழுகைச் சத்தம். கேட்கக் கேட்க அவர் தொப்பியை மடியில் சுற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு நீவெஸ் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. மீதி ரொட்டியைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தேன்.

"அப்போ எல்டா இல்ல" என்றார் கடைசியில்.

"இல்ல."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட."

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், காற்றில் எல்லோருக்கும்தான் கண்ணில் தண்ணீர் வருகிறது. தூரத்தில் புடாபெஸ்ட் வண்டி ஊதியது. எர்மான்னோ எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். வண்டி வந்து நின்றதும் கைப்பிடியைப் பிடித்து ஏறிவிட்டார். நான் பாய்ந்தேன். நீவெஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாஸ், போயிடுவார்."

"அவர் இஷ்டம். நாமும் பிடிச்சு இழுத்தா, நமக்கும் முதியோர் இல்லத்துக்கும் என்ன வித்தியாசம்?"

பிறகு படிக்கட்டில் நின்ற மனிதரைப் பார்த்துச் சொன்னார். "சிஞோர் சான்சின், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த அம்மா உங்க மூணு தட்டு வந்தாதான் எந்திரிப்பாங்க. இன்னிக்கு நாங்க போனப்போ மத்தியானம் ரெண்டு மணி. இன்னும் ராத்திரி உடுப்புலதான் இருந்தாங்க."

எர்மான்னோ படியிலேயே திரும்பினார்.

"எத்தனை நாளா?"

"இருபத்து மூணு."

"இருபத்து மூணு நாளா நான் அவங்களை எழுப்பலையா?" என்றார். முகமே மாறிவிட்டது. அதுவரை துக்கப்பட்ட கிழவராக இருந்தவர், இப்போது தப்புச் செய்து மாட்டிக்கொண்ட ஊழியராக நின்றார். "முப்பத்தோரு வருஷத்துல ஒரு பயணியைக்கூட நான் எழுப்பாம விட்டதில்ல. காய்ச்சல்ல படுத்திருந்தப்பகூட. ஒருத்தர்கூட ஸ்டேஷனைத் தவறவிட்டதில்ல."

கார்டு விசில் ஊதினார். எர்மான்னோ பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். வயதுக்கு மீறிய லாகவம், கீழே பார்க்காமலே கால் வைத்தார். வண்டி அவர் இல்லாமல் போயிற்று.

ஸ்டேஷன் பாரிலிருந்து நீவெஸ் ஃபுல்வியாவுக்குப் போன் செய்தார். "கிடைச்சாச்சு. கையெழுத்துப் போடற பேனாவை மூடி வைங்க. நாளைக்குக் காலைல அஞ்சு அம்பதுக்கு உங்க மாமா ரூம்ல வந்து உக்காருங்க. அதுக்கப்புறமும் அவருக்குப் பைத்தியம்னு தோணிச்சுன்னா, தாராளமாப் போடுங்க."

எர்மான்னோ அதற்குள் பார்க்காரரிடம் ஒரு சவரக் கத்தி கேட்டு வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் போயிருந்தார்.

*

மேல் தெருவில் எர்மான்னோ நின்றதே அதுதான் முதல் தடவை. நாற்பது வருடம் அந்தச் சுவரின் மறுபக்கம் வாழ்ந்திருக்கிறார். இரண்டு மாடி ஏறினோம். கதவில் வீதுலிச் என்ற பெயரை நிதானமாகப் படித்தார், பயணிகள் பட்டியலில் சரிபார்ப்பது போல. பெல்லுக்குப் போன என் கையை மெதுவாக விலக்கினார்.

"பெல் வேண்டாம் தம்பி. பக்கத்து கேபின்காரங்க முழிச்சுக்குவாங்க."

கோட்டுக் காலரைச் சரி செய்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். நடுவிரலை மடக்கி, கதவில் மூன்று முறை தட்டினார்.

உள்ளே சத்தமே இல்லை. காற்று மட்டும் மாடிப்படி ஜன்னலை ஆட்டியது. நான் நீவெஸைப் பார்த்தேன். அவர் வாயில் மிட்டாய் இல்லை, ஆனாலும் தாடையை இறுகக் கடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு கதவுக்கு அந்தப் பக்கம், மரத்தில் மரம் படுகிற சத்தம். இரண்டு தட்டு.

எர்மான்னோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மன்னிக்கணும் சிஞோரா" என்றார். "வண்டி இருபத்து மூணு நாள் லேட்டு."

சங்கிலி கழல்கிற சத்தம் கேட்டது. நானும் நீவெஸும் சத்தம் போடாமல் படியிறங்கினோம்.